ரெண்டு பத்து சார்

ஏழாம் வார்டு சிஸ்டர்கள் என் மாப்பிள்ளைக்கு வைத்திருக்கும் பெயர் ‘ரெண்டு பத்து சார்’. தினமும் மதியம் சரியாக இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அங்கே வந்துவிடுவார். சிஸ்டர்கள் உட்காரும் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு திரை மாட்டியிருக்கிறது. அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மூன்று மணி இரண்டு நிமிடம் ஆனதும் போய்விடுவார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். புதிதாக வேலைக்கு வந்த சிஸ்டர் ஒருத்தி, “சார், நாற்காலி போடட்டுமா?” என்று கேட்டிருக்கிறாள். “வேண்டாம்மா, இப்படியே இருக்கேன்” என்றாராம்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. நான் இதே ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரையும் நான்கு லிஃப்டுகளையும் பார்த்துக்கொள்கிறவன். சிஸ்டர்கள் என்னைப் பார்த்தால், “அண்ணா, உங்க வீட்டு மாப்பிள்ளைக்கு எங்க வார்டுல யாரையோ பிடிச்சிருக்கு போல” என்று கிண்டல் செய்வார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். வேறு என்ன செய்ய? அவர் ஏன் வந்து நிற்கிறார் என்பது அந்தக் கட்டடத்திலேயே எனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். அவர் அப்படி ஆனதில் என் கையும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு வேலை டேட்டாபேஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. நானூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரி இது. எந்தப் படுக்கையில் யார், என்ன மருந்து, எத்தனை மணிக்கு ஊசி, ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, எல்லாம் மூன்றாம் மாடியில் ஒரு குளிர்ந்த அறைக்குள் இருக்கும் சர்வர்களில் கிடக்கிறது. அவர் மேசை இருப்பது இரண்டாம் மாடியில், பழைய எக்ஸ்ரே உறைகள் கூரைவரை அடுக்கிய ஓர் அலுவலக அறையில். அங்கிருந்தபடியே சர்வருக்குள் போய் வேலை செய்வார். வேலை என்று பார்த்தால் இரண்டே விஷயம்தான் என்பார். டிஸ்க் நிரம்பிவிடக் கூடாது, மெமரி பற்றாமல் போய்விடக் கூடாது. டிஸ்க் என்றால் அலமாரி, மெமரி என்றால் வேலை செய்கிற மேசை என்று எனக்குப் புரியும்படி ஒருமுறை சொன்னார். அலமாரியில் பழையதைக் கழிக்க வேண்டும். மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து கடை பரப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் புத்தி மனிதரை வீட்டிலும் விடாது. செய்தித்தாள் கட்டின்மேல் தேதி எழுதி வைப்பார்; முப்பது நாள் ஆனால் வெளியே. ஃப்ரிட்ஜைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிக் காட்டி, “இதை யாராவது பயன்படுத்துறீங்களா?” என்று வீடு முழுக்கக் கேட்பார். இருப்பதே இரண்டு பேர். பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்பார். மூன்று தரம் கேட்காமல் எதையும் கொட்டமாட்டார். என் தங்கை தலையில் அடித்துக்கொள்வாள். “ஒரு டப்பாவைக் கழுவ இவர்கிட்ட அனுமதி வாங்க வேண்டியிருக்கு அண்ணா” என்பாள். எங்கள் வீட்டுக்கு அவர் முதல்முதலாக வந்த அன்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “கரண்ட் போனா உங்க ஜெனரேட்டர் எத்தனை செகண்ட்ல எடுத்துக்கும்?” என்பது. பத்து என்றேன். மனிதருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. என் தங்கையோடு பேசியதைவிட அன்றைக்கு என்னோடு பேசியதுதான் அதிகம்.

மதியச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஜெனரேட்டர் அறையில்தான். ஒருநாள் என் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, “இது என்ன மச்சான்?” என்றார். ஜெனரேட்டரால் மொத்தப் பளுவையும் தாங்க முடியாமல் போனால் எந்தெந்த இணைப்பை எந்த வரிசையில் அறுத்துவிட வேண்டும் என்ற பட்டியல் அது. முதலில் இரண்டாம் மாடி அலுவலக அறைகளின் பிளக்குகள். அப்புறம் கேன்டீன். அப்புறம் ஒவ்வொரு லிஃப்டாக. ஆபரேஷன் தியேட்டர் பட்டியலிலேயே கிடையாது. அதைத் தொட்டால் என் கையை வெட்டிவிடுவார்கள்.

“அட, எங்கிட்டயும் இப்படி ஒண்ணு இருக்கு” என்றார். சர்வரில் மெமரி சுத்தமாகத் தீர்ந்துபோனால் மெஷின் யாரையும் கேட்காதாம். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அந்த நொடியே கொன்றுவிடுமாம். கொன்றால்தான் மற்றவை பிழைக்கும். யாரைத் தொடக் கூடாது, யாரை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். டேட்டாபேஸைத் தொடவே கூடாது என்று எழுதியிருந்தார். சின்னச் சின்னதாக ஏழெட்டு புரோகிராம்களை முதல் வரிசையில் நிறுத்தியிருந்தார்.

“பாவம், உங்ககிட்ட மாட்டினதுங்க” என்றேன் நான். சிரித்தோம். சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு, புரையேறும்வரை சிரித்தோம்.

அந்தச் சின்னப் புரோகிராம்களில் ஒன்றுக்கு மணி அடிப்பதுதான் வேலை. ஆய்வுக்கூடத்திலிருந்து ஆபத்தான ஒரு ரத்த முடிவு வந்தால், அந்தந்த வார்டின் திரையில் சிவப்பாகக் காட்டி மணி அடிக்கும். மாப்பிள்ளை பட்டியல் எழுதிய காலத்தில் அது சும்மா பரிசோதனைக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வார்டிலும் திரை கிடையாது. ஆகவே போனால் போகட்டும் என்று முதல் வரிசையில் நிறுத்தினார். இரண்டு வருஷம் கழித்து எல்லா வார்டிலும் திரை மாட்டினார்கள். மணி வந்துவிட்டதே என்று ஆய்வுக்கூடத்தில் போன் செய்து சொல்லும் பழக்கத்தை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் எழுதியதைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. காலி டப்பாவுக்கு மூன்று தரம் கேட்கிற மனிதர், இதற்கு ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் புள்ளிவிவரப் பிரிவில் யாரோ பத்து வருஷத்துக் கணக்கை ஒரே மூச்சில் கேட்டார்கள். மெமரி தீர்ந்தது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மெஷின் மணி அடிக்கிறவனைக் கொன்றது. மாப்பிள்ளைக்கு எச்சரிக்கை போனது. முதலில் டேட்டாபேஸைப் பார்த்தார், பத்திரமாக இருந்தது. பிறகு விழுந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எழுப்பினார். மணியை எழுப்பியபோது மூன்று மணி இரண்டு நிமிடம். எழுந்தவன் அதற்குப் பிறகு வரும் முடிவுகளை மட்டும்தான் பார்ப்பான்.

ஏழாம் வார்டில் ஒரு வேன் டிரைவர் சிறுநீரகக் கோளாறுக்காகச் சேர்ந்திருந்தார். வயது முப்பத்தாறு. அவருடைய ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருந்தது, இதயத்தை நிறுத்திவிடும் அளவுக்கு. அந்த முடிவு கம்ப்யூட்டரில் ஏறியது இரண்டு பதினான்குக்கு. அன்று அங்கே பணியில் இருந்தது நெட்டை சிஸ்டர். உயரமான பெண்மணி, லிஃப்டில் ஏறினால், “அண்ணா, இன்னிக்காவது நடுவுல நிக்காம போகுமா?” என்று கேட்காமல் இறங்கமாட்டாள். வேறொரு படுக்கையில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தவள், இரண்டு ஐம்பத்தைந்துக்கு அந்த டிரைவரின் படுக்கைக்கு வந்திருக்கிறாள். அவர் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். எல்லோரையும் கூப்பிட்டு, நெஞ்சில் கைவைத்து அழுத்தி என்னென்னவோ செய்தார்கள். மூன்றேகாலுக்கு அவர் போய்விட்டார்.

மறுநாளே விசாரணை. திரையில் மணி அடித்துப் பார்த்தார்கள், கணீரென்று அடித்தது. சர்வர் ஒரு நிமிடமாவது நின்றதா என்று கேட்டார்கள், நிற்கவே இல்லை என்று மாப்பிள்ளையின் மேலதிகாரி எழுதிக் கொடுத்தார். அதுவும் உண்மைதானே. அப்படியென்றால் மணி அடித்திருக்கிறது, சிஸ்டர் கவனிக்கவில்லை. அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஐந்து வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை கமிட்டி கூடி முடிவு சொல்லும் என்றார்கள். “மணி அடிக்கலங்க, சத்தியமா அடிக்கல” என்று அவள் லிஃப்டில் என்னிடமும் சொன்னாள். நான் ஏதோ ஆறுதல் சொல்லி இறக்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் திரையில் எறும்பு ஊர்வதுபோல எழுத்துகள். மெஷின் தான் செய்வதையெல்லாம் தானே எழுதிவைக்கும் பதிவு ஃபைல் அது. பென்சிலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். பதினான்கு மணி, பத்து நிமிடம், முப்பத்தேழு நொடி. அப்புறம் அந்தப் புரோகிராமின் பெயர். அப்புறம் கொல்லப்பட்டது என்ற சொல். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் இங்கிலீஷ் வரும். அந்த ஒரு வரிக்கு அது போதும்.

“அந்தப் பொண்ணு சொல்றது நிஜம் மச்சான். மணி அடிக்கல” என்றார்.

“மெஷின் பண்ணினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க மாப்ளே?”

“மெஷின் அதுவா பண்ணல. நான் எழுதி வச்சபடி பண்ணுச்சு.”

எனக்கு வந்ததே கோபம். “யோவ் மாப்ளே, வாயை மூடிக்கிட்டு இருங்க!” என்று கத்திவிட்டேன். என் தங்கைக்கு, எங்கள் வீட்டுப் பாப்பாவுக்கு, அப்போது ஆறாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு முறை தரித்து நிற்காமல் போயிருந்தது. ஒருமுறை அவளைத் தூக்கிக்கொண்டு வந்தது இதே ஆஸ்பத்திரி லிஃப்டில், நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதர் போய், ஓர் ஆள் செத்தது என்னால் என்று ஒப்புக்கொண்டு, வேலை போய், போலீஸ் என்று அலைந்தால் அவள் தாங்குவாளா? “பாப்பாவை நினைச்சுப் பாருங்க. அந்த சிஸ்டருக்கு வேற ஆஸ்பத்திரியில வேலை கிடைக்கும். எழுதிக் கொடுத்தவங்களே சர்வர் நிக்கலன்னு சொல்லிட்டாங்க. நீங்க ஏன் போய் தலையைக் கொடுக்கறீங்க?” என்றேன். அவர் தலையாட்டினார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

அந்தப் பதிவு ஃபைலுக்கு ஆயுள் ஐந்து வாரம். டிஸ்க் நிரம்பாமல் இருக்க மாப்பிள்ளையே செய்துவைத்த ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய ஃபைல்கள் ஒவ்வொன்றும் ஓர் எண் தள்ளிப் போகும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கைத் தாண்டினால் அழிந்துவிடும். டேட்டாபேஸுக்குத்தான் நகல் எடுத்து வைப்பார்கள், இதற்கெல்லாம் கிடையாது. ஆக, மாப்பிள்ளை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும். கமிட்டி கூடும் வியாழனுக்கு நான்கு நாள் முன்னால் அது தானாகவே போய்விடும். நல்லதாகப் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன்.

முதல் ஞாயிறு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. “மச்சான், ஃபைல் நம்பர் ஒண்ணு ஆயிடுச்சு” என்றார். சரி என்று வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு, “ரெண்டு ஆயிடுச்சு.” மூன்றாம் ஞாயிறு போனை எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. எடுக்காவிட்டால் இன்னும் பயமாக இருந்தது. எடுத்தேன். “மூணு மச்சான்.” நான்காம் ஞாயிறு, “நாலு.”

இதற்குள் மனிதர் பாதியாகிவிட்டார். மதியச் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்ப்பார். இரண்டு மணி நெருங்கினால் கால் ஆட ஆரம்பிக்கும். “இந்நேரம் மணி செத்துக் கிடந்தா எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் ஒருநாள். “அதுதான் இப்ப பட்டியல்ல யாரும் தொடக் கூடாதுன்னு மாத்திட்டீங்களே” என்றேன். “மாத்திட்டேன். ஆனா பார்க்கணும்” என்று எழுந்து போனார். அன்றுதான் ஏழாம் வார்டில் முதல்முதலாகப் போய் நின்றது. என் தங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணா, அவர் தூக்கத்துல எந்திரிச்சு உட்கார்ந்துக்கிட்டு, மணி அடிக்குதா அடிக்குதான்னு கேட்கறாரு. என்ன மணி?” எனக்குத் தெரியாது என்றேன்.

ஐந்தாம் ஞாயிறு போன் வரவில்லை. திங்கட்கிழமை சாப்பிடும்போது நானாகவே, “போயிடுச்சா?” என்று கேட்டேன்.

“போயிடுச்சு. ஆனா போகல.”

“என்ன மாப்ளே, விளையாடறீங்களா?”

விளையாட்டில்லை. ஒரு ஃபைலை யாராவது திறந்து வைத்திருக்கும்போது அதை அழித்தால், பட்டியலிலிருந்து பெயர் மட்டும்தான் போகுமாம். உள்ளே இருப்பது, திறந்து வைத்திருக்கிற ஆள் மூடும்வரை அப்படியே இருக்குமாம். சனிக்கிழமையே தன் மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து அந்த ஃபைலைத் திறந்து வைத்துவிட்டார். இப்போது தேடினால் எங்கேயும் கிடைக்காது. ஆனால் அவர் திரையில் அந்த வரி இருக்கிறது.

“எடுத்து வேற இடத்துல வச்சுட்டுப் போறதுதானே? இல்ல, மூடிட்டு நிம்மதியா இருக்கறதுதானே?”

“எடுத்து வச்சா கொண்டுபோய்க் கொடுத்தே ஆகணும் மச்சான். மூடினா நானே அழிச்ச மாதிரி. ரெண்டுக்கும் எனக்குத் தைரியம் இல்ல.”

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர்மேல் ‘அணைக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தார். துப்புரவுக்கு வரும் அம்மா அந்த மேசைப் பக்கமே போவதில்லை என்றாள். சர்வருக்கு பேட்டரி உண்டு, உலகமே இருண்டாலும் அணையாது. மேசைக் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் கிடையாது. சுவரில் சாதாரண பிளக்கில் சொருகியிருந்தது. இரண்டாம் மாடி அலுவலக பிளக். என் பட்டியலில் முதல் வரி.

மாதத்தின் முதல் வியாழன் பதினொன்றரைக்கு ஜெனரேட்டர் சோதனை. அதற்கு முன்னால் ஒவ்வோர் அறைக்கும் போன் போட்டு, “கரண்ட் போகும், சேமிச்சுக்கோங்க” என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ரிஜிஸ்டரில் அந்த அறைக்கு நேராக ஒரு டிக். அந்த மாதம் முதல் வியாழனும் கமிட்டி கூடுவதும் ஒரே நாள். கமிட்டி பன்னிரண்டு மணிக்கு. எல்லாம் எனக்குத் தெரியும். தற்செயலாக நடந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன்.

இருபத்திரண்டு அறைக்குப் போன் போட்டேன். இருபத்து மூன்றாவது மாப்பிள்ளையுடைய அறை. ரிசீவரைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். டிக் மட்டும் போட்டேன். அப்புறம் பேனலுக்குப் போய், பட்டியலின் முதல் வரிக்கான சுவிட்சை இறக்கினேன். பத்து நொடி. திரும்ப ஏற்றினேன். பாப்பாவுக்காக என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். ஜெனரேட்டர் ஓடுகிற சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து மாப்பிள்ளை படியிறங்கி வந்தார். நன்றாகத் தேய்த்த சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். கையில் வெறும் தாள்.

“போச்சு மச்சான். எதிர்முனையில என் கம்ப்யூட்டர் செத்துப்போச்சுன்னா சர்வர் மூணு நிமிஷம் காத்திருக்கும், அப்புறம் ஃபைலை மூடிடும். என் கம்ப்யூட்டர் எந்திரிக்க நாலு நிமிஷம் ஆச்சு. மாடிக்கு ஓடினேன். சர்வர் ரூம் கதவைத் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுது.”

“சரி விடுங்க. அதுவே நல்லதுக்குத்தான்.”

“நேத்து உங்க தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். போய்ச் சொல்லிட்டு வாங்க, நான் நல்லா இருக்கேன்னு சொன்னா. பிரிண்ட் எடுக்கத்தான் உட்கார்ந்தேன். பிரிண்டர்ல இந்தத் தாளை வச்சேன், கரண்ட் போச்சு.” என்னைப் பார்த்தார். “நீங்க போன் பண்ணியிருப்பீங்க. எனக்குத்தான் காதுல விழுந்திருக்காது. அன்னிக்கு மாதிரி எல்லாத்தையும் நான்தான் கோட்டை விடறேன்.”

என் தங்கை போகச் சொல்லியிருக்கிறாள். யாரைக் காப்பாற்ற நான் அதைச் செய்தேனோ, அவளே அவரை அனுப்பியிருக்கிறாள்.

வெறுங்கையோடும் போனார் மனிதர். கமிட்டி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஆதாரம் எங்கே என்றார்கள். இல்லை என்றார். வேறு யாராவது பார்த்தார்களா என்றார்கள். அதற்கும் இல்லை என்றாராம். என்னை இழுக்கவில்லை. நல்ல மனசு சார் உங்களுக்கு, ஒரு பெண்ணுக்காக இப்படி வந்து நிற்கிறீர்கள் என்று முதுகைத் தட்டி, பத்து நாள் லீவு எடுத்து ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். நெட்டை சிஸ்டரை வேலையைவிட்டு நீக்கினார்கள்.

இரண்டு மாதத்தில் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. மாப்பிள்ளை குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, “மூச்சு விடுது பாருங்க மச்சான்” என்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அதையே சொன்னார். மணி இரண்டு ஆனதும் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏழாம் வார்டுக்குப் போய்விட்டார். குழந்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

போன வாரம் மாப்பிள்ளை சாப்பிட வந்தவர், “மச்சான், பழைய சோதனைத் தேதியெல்லாம் வேணும், அலுவலக கம்ப்யூட்டருக்கும் பேட்டரி கேட்டு எழுதப்போறேன்” என்றார். நான் வாயில் சோற்றை வைத்திருந்தேன். அவரே ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார். பின்னாலிருந்து ஒவ்வொரு மாதமாகப் போனார். அந்த வியாழனில் விரல் நின்றது. இருபத்து மூன்று அறை, இருபத்து மூன்று டிக். கடைசி டிக்கின்மேல் விரலை வைத்தார்.

“அன்னிக்கு நான் பதினோரு மணிலேருந்து சீட்டைவிட்டு எந்திரிக்கவே இல்ல மச்சான்” என்றார். “போன் என் முழங்கை பக்கத்துலதான் இருந்துச்சு.”

கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் ரிஜிஸ்டரை மூடி அதன் இடத்தில் வைத்தார். டிபன் பாக்ஸைக் கழுவினார். கடிகாரத்தைப் பார்த்தார். “மணியாயிடுச்சு” என்று கிளம்பினார்.

நானும் ரிஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். திரை முன்னால் அவர் நின்றார், பக்கத்தில் நான். “என்ன அண்ணா, நீங்களுமா?” என்று சிரித்த சிஸ்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். ஐம்பத்திரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் மணி அடித்திருந்தால் ஓர் ஆளைக் காப்பாற்றியிருக்கலாம். மூன்று இரண்டு ஆனதும் நான்தான் வாயைத் திறந்தேன்.

“அந்த வரியை நான் பார்த்தேன் மாப்ளே. நொடி முதற்கொண்டு ஞாபகம் இருக்கு. வாங்க, போகலாம்.”

நெட்டை சிஸ்டர் ஒரு டயர்க் கடை மாடியில் குடியிருக்கிறாள். கதவைத் திறந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு உயரமான பெண்மணி குறுகிப்போயிருந்தாள். உள்ளேகூடப் போகாமல், படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். நான் பார்த்த வரி, போடாத போன், போட்ட டிக், எல்லாம். ரிஜிஸ்டரை நீட்டினேன். “இதை யார்கிட்ட வேணும்னாலும் காட்டும்மா. எந்தக் கமிட்டியிலயும் வந்து சொல்றேன். என்னைத் திட்டறதுன்னாலும் திட்டிக்கோ.”

அவள் என்னைத் திட்டவில்லை. ரிஜிஸ்டரை வாங்கவும் இல்லை. மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க எனக்காகப் பொய் சொன்னீங்கன்னு அவங்க சொன்னாங்க சார். நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்றாள். “அப்போ நிஜமாவே மணி அடிக்கலையா?”

“அடிக்கலம்மா” என்றேன் நான்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். “எல்லாரும் அடிச்சுது அடிச்சுதுன்னாங்க அண்ணா. சொல்லிச் சொல்லி எனக்கே கேட்க ஆரம்பிச்சிடுச்சு. இத்தனை மாசமா ராத்திரி பகல்னு இல்லாம காதுல அடிச்சுக்கிட்டே இருக்கு. கேட்டும் கேட்காத மாதிரி இருந்து அந்த ஆளை நான்தான் சாகவிட்டுட்டேன்னு...”

மாப்பிள்ளை அவளுக்குக் கீழே இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார். “அடிக்கல சிஸ்டர். ரெண்டு பத்துலேருந்து மூணு ரெண்டு வரைக்கும் அடிக்கவே இல்ல. என்னாலதான் அடிக்கல.”

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“இன்னொரு தரம் சொல்லுங்க சார்” என்றாள்.

அவர் சொன்னார்.